பெயர் ஒத்த வேட்பாளர் கதை: முதல் பாதி காரம், இரண்டாம் பாதி சப்பை. எங்கே சறுக்குகிறது?

கேள்வி: வரைவு_மூன்று

அரசியல் நகைச்சுவைத் திரைக்கதை ஒன்றின் மூன்றாவது வரைவு இது. 128 பக்கம். படித்த நால்வரும் சொல்லிவைத்தாற்போல ஒரே கருத்து சொல்கிறார்கள்: “லைன் பிரமாதம். இடைவேளைக்கு அப்புறம் யாருக்கும் வலிக்காம போயிட்டீங்க.” லைன் என்றால் கதையின் ஒருவரிக் கரு.

கதைச் சுருக்கம். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். ஆளுங்கட்சி வேட்பாளர் பெயர் முருகேசன். எதிர்க்கட்சி மாவட்டச் செயலாளர் அதே பெயருள்ள பந்தல்காரர் ஒருவரைப் பிடித்துச் சுயேச்சையாக நிறுத்துகிறார். மேடை, சாமியானா, நாற்காலி என்று இரண்டு கட்சிகளுமே பந்தல்காரருக்கு வாடகை பாக்கி. எதிர்க்கட்சி தர வேண்டியது மட்டும் 1,80,000 ரூபாய். “நில்லு, மொத்த பாக்கியும் செட்டில்” என்பதுதான் பேரம். இடைவேளை வரை மனுத்தாக்கல் கலாட்டா, மீசையை ஆளுங்கட்சி முருகேசனைப் போலவே ஒதுக்குவது, புகைப்படம் எடுப்பது என்று நன்றாகப் போகிறது. அதன்பின் பந்தல்காரர் மக்கள் படும் பாட்டைப் பார்த்து மனம் மாறி, நிஜமாகவே ஓட்டுக் கேட்கப் போகிறார். கடைசியில் மேடையில் 6 நிமிடப் பேச்சு. ஜெயிக்கிறார். இரண்டு கட்சித் தலைவர்களும் அம்பலப்பட்டுப் போகிறார்கள்.

கேட்க வேண்டியவை மூன்று. லைனை மாற்றாமல் இரண்டாம் பாதியைக் காப்பாற்ற முடியுமா? எந்தக் கட்சியையும் நினைவுபடுத்தக் கூடாது என்று தயாரிப்புத் தரப்பு சொல்கிறது. மழுங்கிப் போனதற்கு அதுதான் காரணமா? சென்சாரில் எதெல்லாம் அடிபடும் என்று இப்போதே தெரிந்துகொண்டு எழுதுவது எப்படி?

---

பதில் 1: இடைவேளை_பிளாக்

மூன்றாவது வரைவுதானே, தாராளமாகக் காப்பாற்றலாம். ஆனால் பேச்சை வெட்டுவது, காமெடி சேர்ப்பது போன்ற மேல்பூச்சு வேலை போதாது. கோளாறு அஸ்திவாரத்தில் இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கிளைமாக்ஸில் கதாநாயகன் பெயரை முருகேசனிலிருந்து செல்வராஜ் என்று மாற்றி வாசியுங்கள். ஏதாவது கெட்டுப்போகிறதா? போகவில்லை. ஒரு சாமானியர் மனம் மாறி, நல்ல பேச்சு பேசி, ஜெயிக்கிறார். பெயர் ஒத்துப்போவதற்கு அங்கே வேலையே இல்லை. அதாவது 65ஆம் பக்கத்தில் உங்கள் லைனைக் கீழே வைத்துவிட்டு, ஏற்கெனவே ஓடித் தேய்ந்த இன்னொரு படத்துக்குள் போய்விட்டீர்கள். யாருக்கும் வலிக்காமல் ‘சேஃப்’ ஆகப் போய்விட்டதாக நால்வரும் சொல்வது இதைத்தான்.

உங்கள் லைன் உண்மையில் என்ன சொல்கிறது? ஒருவருக்குப் போட நினைத்த ஓட்டு இன்னொருவருக்கு விழுகிறது. அது திருட்டு. அந்தத் திருட்டில் பந்தல்காரருக்குப் பங்கு உண்டு, கூலியும் உண்டு. இதைப் படம் முழுக்க விடாமல் பிடித்திருக்க வேண்டும். உங்கள் வரைவில் ஆளுங்கட்சி முருகேசன் 9ஆம் பக்கத்திலேயே மணல் லாரியும் அடியாளுமாக வருகிறார். அவர் ஓட்டைப் பிரித்தால் ஊருக்கு நல்லதுதானே என்று பார்ப்பவர் நினைத்துவிடுவார். அப்புறம் பந்தல்காரர் செய்வதில் குற்றமே இல்லை. குற்றம் இல்லாத இடத்தில் சிரிப்பு வரலாம், குத்தல் வராது.

அந்த முருகேசனைத் திருப்பிப் போடுங்கள். மூன்று முக்கிய வேட்பாளர்களில் ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்தவர் அவர் ஒருவராகவே இருக்கட்டும். பந்தல்காரருக்கும் அது தெரியட்டும். தெரிந்தும் 1,80,000 ரூபாய்க்காக நிற்கட்டும். ஒவ்வொரு நகைச்சுவைக் காட்சிக்கும் கீழே ஒரு முள் வந்துவிடும். மீசை ஒதுக்கும் காட்சியையே பாருங்கள். இப்போது அது வெறும் தோற்றக் காமெடி. அவர் நல்லவர் என்று தெரிந்துவிட்டால் அதே வசனத்தோடு அது ஒரு கொள்ளைக்கான ஒத்திகை ஆகிவிடும்.

முடிவும் அதையொட்டி மாறும். பந்தல்காரர் ஜெயிக்கக் கூடாது. அவர் வாங்கும் ஓட்டு, நல்லவர் தோற்கும் வித்தியாசத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். கணக்கு எளிது: எதிர்க்கட்சி 1,140 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயிக்கிறது, பந்தல்காரர் வாங்கியது 2,900. இந்த இரண்டு எண்ணும் படம் பார்த்தவர் மனதில் நிற்க வேண்டும். நம்ப மாட்டார்கள் என்று கவலை வேண்டாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 ஓட்டு. 2021இல் தியாகராய நகரில் 137.

---

பதில் 2: படிவம்_26

இடைவேளை_பிளாக் சொல்வது சரி. அதோடு சேர்த்து, திரைக்கதையில் நடைமுறைப் பிழைகள் நிறைய இருக்கின்றன. சரிபார்க்கும் வேலைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தேர்தல் நடைமுறையைச் சரியாக எழுதினாலே உங்களுக்குப் பாதி காட்சிகள் இலவசமாகக் கிடைக்கும்.

முதல் பெரிய பிழை, ஆளுங்கட்சி வேட்பாளரைக் குறிவைத்தது. வாக்குச்சீட்டில் பெயர்கள் மூன்று அடுக்காக வரும். முதலில் அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சி வேட்பாளர்கள். அடுத்து பதிவு செய்யப்பட்ட, அங்கீகாரம் பெறாத கட்சிகள். கடைசியில் சுயேச்சைகள். ஒவ்வோர் அடுக்குக்குள்ளும் அகர வரிசை. ஆக, உங்கள் ஆளுங்கட்சி முருகேசன் மேலே இரண்டாவதோ மூன்றாவதோ இருப்பார், பந்தல்கார முருகேசன் பத்துப் பெயர் தள்ளிக் கீழே இருப்பார். மேலே இருப்பவருக்கு ஊரே அறிந்த சின்னம் வேறு. வாக்காளர் பெயரைப் படிக்காமலே சின்னத்தில் அமுக்கிவிட்டு வருவார். பெயர் குழப்பத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது.

இந்த உத்தி பலிப்பது சின்னம் புதிதாக இருக்கும் இடத்தில். 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து சுயேச்சைகள் களத்தில் இருந்தார்கள். அவர் இரண்டாம் இடத்துக்கு வந்தார். அந்தத் தேர்தல் நேரத்தில் பெயர் ஒத்த வேட்பாளர்களைத் தடுக்கக் கோரிய மனு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரைத் தேர்தலில் நிற்காதே என்று எப்படிச் சொல்ல முடியும் என்று நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது.

எனவே உங்கள் இலக்கு முருகேசனை, சீட்டு மறுக்கப்பட்டுக் கட்சியை விட்டு வெளியே வந்த போட்டி வேட்பாளராக மாற்றுங்கள். இருபது வருடம் ஒரே சின்னத்துக்கு ஓட்டுக் கேட்டவர், இப்போது அந்தச் சின்னத்தை எதிர்த்தே பேச வேண்டும். அவரும் சுயேச்சை, பந்தல்காரரும் சுயேச்சை. ஒரே அடுக்கு, அகர வரிசை, முதலெழுத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இரண்டு முருகேசனும் அடுத்தடுத்த பொத்தான். இதைவிட நல்ல ஷாட் உங்களுக்குக் கிடைக்காது.

அடுத்து மனுத்தாக்கல். 14ஆம் பக்கத்தில் இரண்டு பேர் முன்மொழிகிறார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வேட்பாளர் மட்டும் மாநிலத்தின் வேறு தொகுதி வாக்காளராக இருக்கலாம். அப்படியானால் தன் பெயர் உள்ள பட்டியலின் சான்றிட்ட நகலை வைக்க வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. படிவம் 2பி வேட்புமனு. படிவம் 26 பிரமாணப் பத்திரம், அதில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் வரும். நேரம் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை. அதிகாரி அறைக்குள் வேட்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் போகலாம்.

படிவம் 26இல்தான் உங்கள் கதையின் உயிர் இருக்கிறது. அதில் தனக்கு வர வேண்டிய பாக்கிகளையும் சொல்ல வேண்டும். பந்தல்காரர் இரண்டு கட்சிகளின் பெயரையும் எழுதி, எதிரே தொகையையும் எழுதுகிறார். அந்தப் பத்திரம் பொதுவில் வெளியாகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பேரம் பேசிய மாவட்டச் செயலாளர் அதை அலுவலக வாசலில் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்கும் காட்சியை யோசித்துப் பாருங்கள். எந்தக் கட்சியையும் திட்ட வேண்டியதில்லை.

பத்துப் பேர் முன்மொழிய அவருடைய பந்தல் தொழிலாளர்களையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பரிசீலனை நாளில் ஒருவர் “இது என் கையெழுத்து இல்லை” என்று சொன்னால் எண்ணிக்கை ஒன்பதாகிவிடும், மனு தள்ளுபடி. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் கையெழுத்தை மறுத்ததால்தான் போயிற்று. ஆக, பரிசீலனை முடியும் வரை அந்தப் பத்துப் பேரைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தில் பத்துத் தொழிலாளர்கள், மூன்று வேளைச் சாப்பாடு, வெளியே காவல். கூலி நாள்கணக்கில் ஏறுகிறது. இதற்கு வசனமே வேண்டாம்.

புகைப்பட விஷயம். 2015 முதல் வாக்குச்சீட்டில் வேட்பாளர் படம் உண்டு. தபால்தலை அளவுதான். ஆகவே மீசை ஒதுக்கும் காட்சிக்கு இப்போது நடைமுறைக் காரணமும் கிடைக்கிறது. 1961 தேர்தல் நடத்தை விதிகளின்படி ஒரே பெயர் வந்தால் தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்திக் காட்ட வேண்டும். பந்தல்காரர் பெயருக்கு முன்னால் எதைச் சேர்ப்பது என்று தேர்தல் நடத்தும் அதிகாரி முன்னால் ஒரு விவாதம் நடக்கலாம். எதிர்க்கட்சி வக்கீலுக்கு ‘பந்தல்’ என்ற சொல் வாக்குச்சீட்டில் வரவே கூடாது. பந்தல்காரருக்கோ அது வந்தே ஆக வேண்டும், இலவச விளம்பரம்.

காலக்கணக்கையும் திருத்துங்கள். மனு திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும் என்கிறது சட்டம். உங்கள் வரைவில் இரண்டு மாதப் பிரசாரம். நிஜத்தில் சின்னம் கிடைத்தபின் கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம். சுமார் இரண்டு லட்சம் வாக்காளருக்கு ஒரு புதுச் சின்னத்தைப் பதிய வைக்க இரண்டு வாரம். உங்கள் இரண்டாம் பாதிக்கு இதைவிட நல்ல கெடிகாரம் கிடையாது. போட்டி வேட்பாளர் தெருத் தெருவாகச் சின்னத்தைத் தூக்கிக்கொண்டு போவார், பந்தல்காரர் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலே அவரைக் கெடுப்பார். சும்மா இருக்கத்தான் அவருக்குக் காசு. அவரைப் பிரசாரத்துக்கு அனுப்பியதுதான் உங்கள் வரைவின் இரண்டாவது பெரிய தவறு.

---

பதில் 3: மியூட்_வேண்டாம்

இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு மட்டும் வருகிறேன்.

கட்சியை நினைவுபடுத்தாமல் எழுதச் சொல்வதால் படம் மழுங்காது. மழுங்குவது, செயலையும் சேர்த்துப் பொதுவாக்கும்போது. ‘ஊழல் அமைச்சர்’, ‘சூட்கேஸ் பணம்’, ‘அடியாள்’ என்று எழுதினால் எல்லாக் கட்சிக்காரரும் கைதட்டிப் பார்த்துவிட்டுப் போவார், ஏனென்றால் அது எதிராளி என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார். அதற்குப் பதில் பணம் எப்படிப் போகிறது என்று காட்டுங்கள். பாகம் எண் வாரியாக வாக்காளர் பட்டியல், தெருவுக்கு ஒரு பொறுப்பாளர், வீட்டுக்கு எத்தனை ஓட்டு என்று பேனாவில் குறிப்பு, வெளியூரில் இருப்பவர் பெயரில் ஒரு கோடு, கடைசி வீட்டில் “எங்க வீட்ல மூணு இல்ல, நாலு” என்று ஒரு சண்டை. கட்சிக்கொடியே இல்லாமல் ஊருக்கு அது தெரியும். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் பட்டுவாடா காரணமாக ரத்தாயின. இது நடந்த நாட்டில் நடைமுறையைக் காட்டுவது கற்பனைக் குற்றச்சாட்டு ஆகாது.

ஓட்டுக்குக் காசு வாங்குபவரைத் தொடவே மாட்டேன் என்று பெரும்பாலான படங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. மக்கள் எப்போதும் ஏமாந்தவர்கள், அவ்வளவுதான். உங்கள் வரைவும் அப்படியே. தயாரிப்புத் தரப்பு கட்சிகளுக்குப் பயப்படுகிறது, நீங்களோ டிக்கெட் வாங்கிப் பார்ப்பவருக்குப் பயப்படுகிறீர்கள். இரண்டாவது பயம்தான் படத்தை அதிகமாகக் கெடுக்கும்.

சென்சார். 1952 ஒளிப்பதிவுச் சட்டத்தில் 2023இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ‘யுஏ’ சான்று 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. உங்கள் கதைக்கு 13+ அல்லது 16+ கிடைக்கும்படி எழுதுங்கள். வெட்டுச் சொன்னால் அடுத்து மறுஆய்வுக் குழு. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் கலைக்கப்பட்டதால் அதற்கு மேலே உயர் நீதிமன்றம்தான். அதற்கு ஆகும் நாளையும் செலவையும் வெளியீட்டுத் தேதி போடும்போதே கணக்கில் வையுங்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதையும் தயாரிப்புத் தரப்பிடம் சொல்லுங்கள். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற தமிழ்ப் படத்தின் வழக்கில்தான் 1989இல் உச்ச நீதிமன்றம், போராட்டம் நடத்துவோம் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் தீர்ப்பு வேறு, திரையரங்கு வேறு. 2018இல் ‘சர்கார்’ சான்றிதழ் பெற்று வெளியான பிறகும், போராட்டத்தால் இலவசப் பொருள்களை எரிக்கும் காட்சி நீக்கப்பட்டது, ஒரு பாத்திரத்தின் பெயர் ஒலி மறைக்கப்பட்டது. ஆக, சில தற்காப்புகளை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும்.

பெயர்கள் வரும் வசனங்களில் அந்தப் பெயரை வாக்கியத்தின் நடுவில் வைக்காதீர்கள். மியூட் விழுந்தால் வாக்கியமே நொண்டும், சிரிப்பும் போய்விடும். பெயரைத் தொடக்கத்திலோ முடிவிலோ வைத்து, டப்பிங்கிலேயே மாற்றுச் சொல் ஒன்றும் பதிவு செய்துவிடுங்கள். நகைச்சுவை ஒரு பெயரை நம்பி நிற்கிறது என்றால் அந்த நகைச்சுவை பலவீனம் என்று அர்த்தம், அதைத் தூக்கிவிடுவது நல்லது. கொடிக்கு, பதிவு பெற்ற எந்தக் கட்சியும் வைத்திராத நிறச் சேர்க்கையைக் கலை இயக்குநரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பணக்கட்டுக்கு மேலும் கீழும் நிஜ நோட்டு, நடுவில் வெற்றுத்தாள். நோட்டைப் போலவே அச்சடிப்பது குற்றம். சுவரொட்டிகளில் அச்சகத்தார், வெளியிடுபவர் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருக்க வேண்டும், நிஜத் தேர்தலில் சட்டப்படி கட்டாயம். உங்கள் படத்தில் போட்டி வேட்பாளரை அவதூறு செய்யும் நோட்டீஸில் அந்த வரி இல்லாமல் இருப்பதைப் பந்தல்காரர் கவனிப்பார், ஃபிளெக்ஸ் கட்டுபவர் அல்லவா.

வெளியீட்டை நிஜத் தேர்தல் அறிவிப்புக்கு ஒட்டி வைக்காதீர்கள். 2019 ஏப்ரலில் ஓர் அரசியல் வாழ்க்கை வரலாற்றுப் படத்தைத் தேர்தல் முடியும் வரை வெளியிடக் கூடாது என்று ஆணையம் நிறுத்தி வைத்தது.

---

வரைவு_மூன்று:

நன்றி. அடுத்தடுத்த பொத்தான் விஷயம் தெரியாமலே முழுத் திரைக்கதையும் எழுதியிருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. போட்டி வேட்பாளராக மாற்றுவது என்று முடிவு. ஆனால் இரண்டு தயக்கம். நல்லவர் தோற்று, பந்தல்காரரும் தோற்றால் படம் சோகமாகிவிடாதா? நகைச்சுவை என்று சொல்லி அழைத்து வந்தவரை அழவைத்து அனுப்புவதா? அந்த 6 நிமிடப் பேச்சுக்குப் பதில் கிளைமாக்ஸில் என்ன வைப்பது?

---

பதில் 4: பதினாலு_மேஜை

முதலில் இடைவேளை_பிளாக் சொன்னதில் ஒரு திருத்தம். போட்டி வேட்பாளரை ‘நல்லவர்’ ஆக்காதீர்கள். நல்லவர் என்று எழுத ஆரம்பித்தால் வெள்ளை வேட்டி, முதியோர் இல்லம், பின்னணியில் புல்லாங்குழல் என்று அடுத்த சேஃப் வலையில் விழுவீர்கள். கோபக்காரர், கணக்கில் கறார், உறவினருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் ஊரில் மூடிக்கிடந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைத் திறக்க வைத்தவர், கண்மாய்க் கரையை உயர்த்தியவர். பந்தல்காரரிடம் பாக்கி வைக்காத ஒரே ஆளும் அவரே. போன திருவிழாவுக்குப் போட்ட பந்தலுக்கு அன்று இரவே காசு கொடுத்தவர். இந்த ஒரு விவரம் போதும், பந்தல்காரர் செய்வது எவ்வளவு பெரிய துரோகம் என்று தெரிய.

சோகமாகிவிடாது. சிரிப்பு கடைசி நிமிடம் வரை வர வேண்டும், வருவதற்கு இடமும் இருக்கிறது. எங்கே என்றால் கணக்கில். சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு தமிழ்நாட்டில் 40 லட்சம் ரூபாய், 2022 முதல். மனுத்தாக்கல் நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை எல்லாச் செலவும் கணக்கு. இதற்காக ஒவ்வொரு மாவட்டத்திலும் விலைப்பட்டியல் போடுவார்கள்: பந்தல், நாற்காலி, மைக், டீ, சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. பறக்கும் படை, வீடியோக் குழு, நிழல் பதிவேடு (வேட்பாளர் செலவை அதிகாரிகளே தனியாக எழுதும் கணக்கு) என்று செலவைக் கண்காணிக்க ஆட்கள். கூட்டத்தில் எத்தனை நாற்காலி என்று அவர்கள் எண்ணுவார்கள். தொகுதியிலேயே நாற்காலிக் கணக்கு சரியாகத் தெரிந்த ஒரே ஆள் யார்? உங்கள் கதாநாயகன். எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு 5,000 நாற்காலி போட்டவரும் அவர், 800 என்று கணக்குக் காட்டச் சொல்லி அவரிடமே பில் கேட்கும் இடமும் உண்டு. வேட்பாளர் என்ற முறையில் அவரும் தன் கணக்கை முடிவு வந்து 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் மூன்று ஆண்டு தகுதி இழப்பு வரலாம். அந்தத் தொகுதியில் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதுபவர் அவர் மட்டும்தான் என்றால், அந்தக் காட்சியில் யாரும் ஜோக் அடிக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, பூத் ஏஜென்ட். ஒவ்வொரு வேட்பாளரும் ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் முகவர் போடலாம், எண்ணிக்கையில் ஒவ்வொரு மேஜைக்கும் போடலாம். டம்மி வேட்பாளர் நிறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பந்தல்காரர் பெயரில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் எதிர்க்கட்சி ஆட்கள். தன் முகவர் ஒருவரைக்கூடத் தனக்குத் தெரியாது என்று வாக்குப்பதிவு நாள் காலையில் அவருக்குத் தெரிகிறது. அதிகாலை மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டுவார்கள், எல்லா வேட்பாளருக்கும் விழும். அவர் முதன்முதலாகத் தன் பெயருக்கு ஓட்டு விழும் பீப் சத்தத்தைக் கேட்கிறார். அங்கே அவர் முகத்தில் ஒரு சின்ன ஆசை தெரியட்டும். அதற்குமேல் வேண்டாம்.

அப்புறம் வாக்குச்சாவடிக் காட்சி. இதை எழுதாமல் விட்டால் படமே இல்லை. ஒரு வயதான அம்மா. போட்டி வேட்பாளர் திறக்க வைத்த சுகாதார நிலையத்தில் மருந்து வாங்குபவர். அட்டை மறைப்புக்குள் நிற்கிறார். விரல் முருகேசன் என்ற எழுத்தின் மேல் ஊர்கிறது. இரண்டு முருகேசன், இரண்டு ஒதுக்கிய மீசை, ஒன்று வாளி, ஒன்று பழக்கூடை. இரண்டுமே கறுப்புக் கோட்டுப் படம், கைப்பிடியோடு, மேலே அகலம் கீழே குறுகல். நீலப் பொத்தானை அமுக்குகிறார். சிவப்பு விளக்கு. விவிபாட் என்ற, போட்ட ஓட்டை அச்சிட்டுக் காட்டும் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு 7 நொடி தெரியும்: வரிசை எண், பெயர், சின்னம். பெயர் சரி. சின்னம் தப்பு. சீட்டு அறுந்து பெட்டிக்குள் விழுகிறது. பீப். இயந்திரம் தவறு செய்யவில்லை, ஆகவே முறையிடவும் வழியில்லை. அந்த 7 நொடியை வெட்டாமல் 7 நொடியாகவே வையுங்கள். இசை வேண்டாம். வெளியே வந்து “நம்ம ஆளுக்குப் போட்டேன்” என்று அவர் பந்தல்காரரிடமே சொல்லட்டும்.

இப்போது உங்கள் கிளைமாக்ஸ். பேச்சை முழுதாக எடுத்துவிடுங்கள். வாக்கு எண்ணிக்கைதான் கிளைமாக்ஸ். வழக்கமாக ஒரு தொகுதிக்கு 14 மேஜை. ஒரு சுற்றில் 14 இயந்திரம். சுமார் 280 சாவடி என்று வைத்தால் 20 சுற்று. சுற்று முடிய முடிய ஒலிபெருக்கியில் எண்கள். எண்ணிக்கைக் காட்சி என்றதும் ‘அமைதிப்படை’ (1994) எல்லாருக்கும் நினைவு வரும், முன்னிலை ஏற ஏற சத்யராஜ் உட்காரும் விதம் மாறிக்கொண்டே போகும். அதே பாணியில் போனால் நகல் என்பார்கள். உங்களிடம் அதற்கு நேர்மாறானது இருக்கிறது: தன் எண்ணிக்கை ஏற ஏறச் சுருங்கிப் போகும் ஒருவர். 12ஆம் சுற்றில் அவருக்கு 1,700. பக்கத்தில் இருக்கும் தன் சொந்தத் தொழிலாளர்களே முதலில் கைதட்டுகிறார்கள், “அண்ணே, நீங்க நாலாவது!” அவர் கணக்கில் கறார் ஆள், வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்து யாருக்கும் முன்னால் புரிந்துகொள்கிறார். 16ஆம் சுற்றில் கைதட்டல் நிற்கிறது. இறுதியில் 2,900க்கு 1,140. பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வராததால் டெபாசிட்டும் போச்சு. அந்த 10,000 யார் கட்டியது, பாக்கியில் கழிப்பதா கூடாதா என்று மாவட்டச் செயலாளரோடு அங்கேயே பேரம் தொடங்கட்டும். மக்கள் சிரிப்பார்கள்.

கடைசிக் காட்சி: அன்று மாலை வெற்றி விழா. மேடை வேண்டும். ஊரில் பந்தல் போட அவரை விட்டால் ஆள் இல்லை. மூங்கில் ஊன்றுகிறார், படுதா கட்டுகிறார். தோற்ற முருகேசன் அந்த வழியே போகிறார், நின்று, அன்று காலை வாங்கிய இருபது நாற்காலிக்கான வாடகையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அங்கே வெட்டிவிடுங்கள்.

---

பதில் 5: இடைவேளை_பிளாக்

‘நல்லவர்’ விஷயத்தில் பதினாலு_மேஜை சொல்வதை ஏற்கிறேன், பாக்கி வைக்காதவர் என்பது என் யோசனையைவிட நூறு மடங்கு மேல்.

அளவு பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. இவ்வளவு நடைமுறையும் உள்ளே வந்தால் 128 பக்கம் 150 ஆகும். எதை வெட்டுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். காதல் கிளைக்கதை போகட்டும், அது 11 பக்கம். தொலைக்காட்சி விவாதக் காட்சிகள் நான்கு இருக்கின்றன, நான்கிலும் பாத்திரங்கள் படத்தின் கருத்தை வாயால் சொல்கிறார்கள். நான்கையும் எடுங்கள். மனுத்தாக்கல், மண்டபத்தில் பத்துப் பேர், படிவம் 26 மூன்றும் சேர்ந்து 20 பக்கத்துக்குள் முடிய வேண்டும். இடைவேளையைச் சின்னம் ஒதுக்கும் அறையிலேயே வையுங்கள், ஆனால் சண்டையில் முடிக்காமல், அச்சான வாக்குச்சீட்டு மாதிரியின் குளோசப்பில் முடியுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு முருகேசன். விதிகளை யாரும் விளக்கிப் பேச வேண்டாம். ஒரு விதிக்கு ஒரு செயல் போதும். பத்துப் பேர் வேண்டும் என்று வசனம் எழுதாமல், ஒன்பதாவது ஆள் கையெழுத்துப் போட்டதும் அதிகாரி இன்னும் பேனாவை நீட்டிக்கொண்டே இருப்பதைக் காட்டுங்கள்.

---

வரைவு_மூன்று:

சின்னம் ஒதுக்கும் காட்சியிலிருந்து நான்காவது வரைவைத் தொடங்குகிறேன். தொலைக்காட்சி விவாதம் நான்கும் போய்விட்டன. வாளியா, பழக்கூடையா, எது பந்தல்காரருக்கு என்பது மட்டும் பாக்கி.

---

பதில் 6: படிவம்_26

வாளி. வெற்றி விழா மேடையில் பெயின்ட் கலக்கவும் தண்ணீர் தெளிக்கவும் அவர் கையில் அது இருந்தாக வேண்டும்.